சாவி யாரிடம் இருக்கிறது?

(பதுளையில் பாடகர் குழுவினரும் இசை ஆசிரியர்களும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கச்சேரி ஓர்கன் கலைஞர்கள் எப்படி உருவாகிறார்கள், என்ன படிக்கிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்று பேசச் சொன்னீர்கள். ஓர்கன் என்றதும் இங்கே பாதிப் பேருக்கு நினைவில் வருவது திருவிழா மேடையில் இரும்பு ஸ்டாண்டில் வைத்து வாசிக்கிற மின்சாரக் கீபோர்ட். நான் பேசப்போவது அதற்குப் பல நூற்றாண்டு மூத்த குழலோர்கனைப் பற்றி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாதஸ்வர வித்துவான் தன் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு கதிர்காமத்துக்கும் போவார், கொழும்புக்கும் போவார். வயலின்காரர் வீட்டில் இருந்து நடுராத்திரியிலும் சாதகம் பண்ணுவார். ஓர்கன் வாசிப்பவருக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. உலகப் புகழ் பெற்றவராக இருந்தாலும் அவர் வாசிக்கும் வாத்தியம் பெரும்பாலும் ஓர் ஆலயத்தின் சொத்து, அல்லது ஒரு நகரசபையின் சொத்து, அல்லது ஒரு கல்லூரியின் சொத்து. அந்தக் கட்டடத்தைப் பூட்டிவிட்டால் அவருடைய கலை உள்ளே இருக்கும், அவர் வெளியே நிற்பார். ஆகவே ஓர்கன் கலைஞர்களின் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தப் பிள்ளைக்குக் கதவைத் திறந்துவிட்டது யார்?

நமது ஊரிலிருந்தே தொடங்குவோம். பதுளைப் புனித மாற்கு ஆலயம் 1857 இல் கட்டப்பட்டது, மேஜர் தோமஸ் றொஜர்ஸ் என்ற அதிகாரியின் நினைவாக. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர் வாங்கியவர் அவர். 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். (மின்னலைப் பற்றி யானைகளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதாகத் தெரியவில்லை.) அந்த ஆலயம் எழும்புவதற்கு மூன்று வருஷம் முன்னால், 1854 இல், தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்யத் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கிவிட்டது. துரைமார் கூடிய இடத்தில் ஆங்கில ஆராதனை. தோட்டத்துச் சனங்களுக்கு உபதேசியார் நடத்திய ஜெபம், பாடசாலைக் கட்டடத்திலோ சின்னக் கோயிலிலோ. அங்கே பாமாலை இருந்தது, தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த கீர்த்தனை இருந்தது. ஆர்மோனியம் வாய்த்தால் ஆர்மோனியம், இல்லாவிட்டால் கைத்தாளம்.

ஆர்மோனியத்தை லேசாக நினைக்க வேண்டாம். 1842 இல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற வாத்தியம் அது. சேசார் ஃபிராங்க் போன்ற பெரிய ஓர்கன் மேதையே அதற்கென்று இசை எழுதியிருக்கிறார். கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போட்டு வாசிக்கும்படி மாற்றியமைத்தார். அதன்பிறகு அது நாடகக் கொட்டகைக்கும் பஜனை மடத்துக்கும் தேவாலயத்துக்கும் ஒரே சமயத்தில் நுழைந்தது. அகில இந்திய வானொலி மட்டும் 1940 முதல் 1971 வரை அதை உள்ளே விடவில்லை. பண்டிதர்கள் தள்ளி வைத்த அதே வாத்தியத்தில்தான் நமது தோட்டத்துப் பிள்ளைகள் ஓர்கனின் முதல் பாடத்தைத் தங்களுக்கே தெரியாமல் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அது என்ன முதல் பாடம்? பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினால் ஒலி பிறந்து மெல்ல மெல்லத் தேயும். பலமாகத் தட்டினால் பலமாகக் கேட்கும். குழலோர்கனில் இரண்டும் கிடையாது. கட்டையை அழுத்தினால் காற்றுப் பெட்டியில் ஒரு வாய் திறக்கிறது, காற்று குழலுக்குள் போகிறது. விரலை எடுக்கும்வரை ஒலி அதே அளவில் நிற்கும். எடுத்த கணத்தில் அறுந்துபோகும். எத்தனை பலமாகக் குத்தினாலும் ஒரு அணுவும் கூடாது. ஆகவே விரலை வைப்பதை விட, எப்போது எடுப்பது என்பதில்தான் வாசிப்பவரின் தரம் தெரியும். இரண்டு சுரங்களுக்கு நடுவே விடுகிற மயிரிழை இடைவெளிதான் அவருக்கு அழுத்தம், குழைவு, மூச்சு எல்லாம். ஆர்மோனியம் வாசித்த பிள்ளைக்கு இது விளங்கும். பியானோ மட்டும் படித்த பிள்ளை இதைப் புதிதாகப் பழக வேண்டும்.

அடுத்தது கால்கள். ஓர்கனுக்குக் கீழே பெரிய மரக்கட்டைகளாலான இன்னொரு விசைப்பலகை உண்டு, வழக்கமாக 30 அல்லது 32 கட்டைகள். அதைக் காலின் நுனியாலும் குதிகாலாலும் வாசிக்க வேண்டும், குனிந்து பார்க்காமல். இதற்கென்றே மெல்லிய அடி வைத்த சப்பாத்து போட்டுக்கொள்வார்கள். பெரிய ஓர்கன்களில் அந்தக் கால்கட்டை ஒன்று இயக்குகிற குழல் 32 அடி உயரம் இருக்கும். அதன் ஒலி காதில் விழுவதை விட நெஞ்சிலும் உட்கார்ந்திருக்கும் பலகையிலும்தான் தெரியும். ஜெர்மானிய இசைமேதை பாக் ஆறு ‘ட்ரியோ சொனாட்டா’க்கள் எழுதினார். வலக்கை ஒரு பாட்டு, இடக்கை ஒரு பாட்டு, கால்கள் ஒரு பாட்டு, மூன்றும் ஒன்றையொன்று சட்டை பண்ணாமல் ஓட வேண்டும். மூத்த மகன் வில்ஹெல்ம் ஃபிரீடமானைப் பழக்குவதற்காக எழுதினார் என்று பாக்கின் முதல் சரித்திரக்காரர் ஃபோர்கல் சொல்கிறார். இன்றைக்கும் ஒரு மாணவரின் தரம் பார்க்க வேண்டுமானால் ஆசிரியர்கள் எடுத்து வைப்பது அந்த ஆறில் ஒன்றைத்தான்.

பாக்கின் பேரை எடுத்துவிட்டேன், அவருடைய கதையையும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதுக்குள் தாயும் போய்விட்டாள், தகப்பனும் போய்விட்டார். ஓர்டுரூஃப் என்ற சிற்றூரில் ஓர்கன் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் வீட்டில் வளர்ந்தார். அண்ணனிடம் நல்ல இசைப் பிரதிகள் இருந்தன, ஆனால் அலுமாரிக்குள் பூட்டியிருந்தன. சின்னவர் அலுமாரிக் கம்பிக்குள் கையை விட்டுச் சுருட்டி எடுத்து, நிலா வெளிச்சத்தில் ஆறு மாதமாகப் பார்த்து எழுதினாராம். பிடிபட்டதும் அண்ணன் அந்தப் பிரதியையும் பறித்துக்கொண்டார். 18 வயதில் ஆர்ன்ஸ்டாட் ஆலயத்தில் வேலை கிடைத்தது. 1705 இல் நான்கு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, புக்ஸ்டெஹூட என்ற மூத்த கலைஞரைக் கேட்க லூபெக்குக்கு நடந்தே போனார். ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பதுளையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதப் பாதையே 300 கிலோமீற்றருக்கு உட்பட்டதுதான். நான்கு வார லீவு நான்கு மாதத்துக்கு நெருங்கியது. திரும்பி வந்தபோது நிர்வாகக் குழு அவரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்டது. நிர்வாகக் குழுக்கள் அன்றைக்கும் இப்படித்தான்.

அந்தக் காலத்தில் இன்னொரு தடையும் இருந்தது. மின்சாரம் கிடையாது. துருத்தி மிதிக்க ஆள் வேண்டும். ஒரு மணித்தியாலம் சாதகம் பண்ண வேண்டுமென்றால் துருத்திக்காரனுக்குக் கூலி கொடுக்க வேண்டும். மழைக்காலக் குளிர் மாதிரியல்ல ஐரோப்பியக் குளிர், அதில் கல் ஆலயத்துக்குள் விரல் விறைத்துவிடும். அதனால் கலைஞர்கள் வீட்டில் கால்கட்டை பூட்டிய சின்ன வாத்தியங்களை வைத்துப் பழகினார்கள். பின்னாளில் கால்கட்டை வைத்த பியானோ வந்தது, இசையமைப்பாளர் ஷூமான் 1845 இல் அதற்கென்றே இசை எழுதினார். ஓர்கன் கலைஞரின் பயிற்சியில் பெரும்பகுதி ஓர்கனில் நடந்ததே இல்லை. இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது பாரிஸுக்குப் போவோம். இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், மன்னிக்க வேண்டும்.

பாரிஸில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாடசாலை ஒன்று இருக்கிறது. 1785 இல் வலன்தீன் ஹவுயி தொடங்கியது. 1819 இல் பத்து வயதில் அங்கே வந்து சேர்ந்த ஒரு பையன், கூப்ரே என்ற கிராமத்தில் குதிரைச் சேணம் தைப்பவரின் மகன். பேர் லூயி பிரெய்ல். அவர் கண்டுபிடித்த புள்ளி எழுத்து எல்லோருக்கும் தெரியும். அவர் பாரிஸ் ஆலயங்களில் ஓர்கன் வாசித்துச் சம்பளம் வாங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1829 இல் தன் முறையை அச்சிட்டபோது அதன் தலைப்பிலேயே சொற்களோடு இசையையும் சேர்த்திருந்தார். இசையை எழுதவும் படிக்கவும் வேண்டும் என்ற தேவை அந்தப் புள்ளிகளுக்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பாடசாலை செய்த பெரிய காரியம், கட்டடத்துக்குள்ளேயே ஓர்கன்களை வைத்ததுதான். பிள்ளை எந்த ஆலயக் கதவையும் தட்ட வேண்டியதில்லை. வகுப்பு முடிந்ததும் போய் உட்காரலாம். பார்வையற்றவர்களுக்குச் சோறு போடக்கூடிய தொழிலாக ஓர்கன் வாசிப்பையும் பியானோ சுருதி சேர்ப்பதையும் அங்கே கற்பித்தார்கள். பலன் என்ன? லூயி வியெர்ன், ஆந்த்ரே மார்ஷல், ழான் லாங்லே, காஸ்தோன் லித்தேஸ் என்று உலகத்தின் தலைசிறந்த ஓர்கன் கலைஞர்கள் வரிசையாக ஒரே வாசலால் வெளியே வந்தார்கள்.

லாங்லேயைப் பாருங்கள். 1907 இல் பிரிட்டனி மாகாணத்து ஏழைக் கிராமமொன்றில் பிறந்தவர். தகப்பன் கல் கொத்துகிறவர், தாய் தையல்காரி. இரண்டு வயதில் பார்வை போயிற்று. பத்து வயதில் பாரிஸ் பாடசாலைக்கு அனுப்பினார்கள். பிறகு பாரிஸ் கன்சர்வத்வார் இசைக் கல்லூரியில் மார்செல் துப்ரேயிடம் படித்தார். 1945 முதல் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் புனித க்ளோத்தில்த் ஆலயத்து ஓர்கன் அவர் கையில் இருந்தது. அமெரிக்காவெங்கும் கச்சேரி பண்ணினார். அவருடைய ஆசிரியர் துப்ரேயோ, வீட்டிலேயே ஓர்கன் வைத்திருந்த இசைக் குடும்பத்துப் பிள்ளை. 1920 இல் பாக் ஓர்கனுக்கு எழுதியது முழுவதையும் பத்துக் கச்சேரிகளில் மனப்பாடமாக வாசித்துக் காட்டியவர். கல் கொத்துகிறவர் மகனும் வசதிக் குடும்பத்து மகனும் ஒரே வகுப்பறையில் சந்தித்தார்கள் என்றால், நடுவிலே ஒரு பாடசாலை தன் ஓர்கன்களைத் திறந்து வைத்திருந்தது என்பதுதான் காரணம். திறமை எங்கும் பிறக்கும். அதற்கு இடம் கொடுப்பவர்கள்தான் சில ஊர்களில் மட்டும் இருக்கிறார்கள்.

பார்வையில்லாமல் எப்படிப் படிப்பார்கள்? ஒரு கையால் புள்ளிகளைத் தடவிக்கொண்டு மறு கையால் வாசிப்பார்கள். பிறகு கை மாற்றுவார்கள். பிறகு கால் பகுதி. எல்லாவற்றையும் தனித்தனியாக மனதில் ஏற்றியபின்தான் ஒன்றாகச் சேர்த்து வாசிக்க முடியும். ஜெர்மனியில் ஹெல்மூட் வால்ஹா என்ற கலைஞர் வாலிப வயதில் பார்வையை இழந்தார். குடும்பத்தார் ஒவ்வொரு குரலையும் தனியாக வாசித்துக் காட்ட, அதைக் கேட்டுப் பாடம் பண்ணினார். பாக்கின் ஓர்கன் இசை முழுவதையும் இரண்டு முறை இசைத்தட்டில் பதிந்திருக்கிறார். கண் தெரிந்த மாணவர்களுக்கும் இதே முறையை நான் சிபாரிசு செய்வேன். தாளைப் பார்த்து எல்லாவற்றையும் ஒன்றாக அடித்துவிட்டுப் போகிற அவசரம்தான் நமது கீபோர்ட் பிள்ளைகளைக் கெடுக்கிறது.

பிழைப்பு எப்படி? வியெர்ன் 1900 முதல் நோத்ரதாம் பேராலயத்தின் ஓர்கன் கலைஞர். அவ்வளவு பெரிய பதவி, ஆனால் சம்பளம் சொற்பம். வாத்தியத்தைப் பழுதுபார்க்கக் காசு சேர்ப்பதற்காக 1927 இல் அவரே அமெரிக்காவுக்குப் போய்க் கச்சேரி பண்ண வேண்டியிருந்தது. 1937 ஜூன் 2 ஆம் திகதி தமது 1750 ஆவது கச்சேரியின்போது அதே ஓர்கனில் அமர்ந்தபடியே உயிர் விட்டார். அவருடைய ஆசிரியர் விடோரை 1870 இல் புனித சுல்பீஸ் ஆலயத்தில் ‘தற்காலிகமாக’ நியமித்தார்கள். அவர் 1933 வரை அங்கே வாசித்தார். நிரந்தரமாக்கவே இல்லை. தற்காலிக நியமனத்தில் பதினைந்து, இருபது வருஷம் ஓட்டிய ஆசிரியர்கள் இந்தச் சபையில் இருந்தால் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

இங்கிலாந்து வேறு வழி பிடித்தது. லிவர்பூல் நகரம் தனது மண்டபத்தில் 1855 இல் பெரிய ஓர்கன் வைத்து, டபிள்யூ. ரி. பெஸ்ட் என்பவரை நகரத்து ஓர்கன் கலைஞராக நியமித்தது. 1894 வரை அவர் வாசித்தார். வாத்தியக் குழுவைக் கேட்க வசதியில்லாத சனங்கள் பெரிய சிம்பனிகளை அவருடைய ஓர்கன் வழியாகத்தான் முதன்முதலில் கேட்டார்கள். ஊமைப்படக் காலத்தில் சினிமாக் கொட்டகைகளும் ஓர்கன்காரர்களுக்குச் சோறு போட்டன. லண்டனில் 1864 இல் தொடங்கிய ஓர்கன் கலைஞர் கல்லூரி ஒன்று இன்றும் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கிறது. வாசித்துக் காட்டினால் மட்டும் அங்கே தேற முடியாது. கொடுத்த பாட்டை வேறு சுருதிக்கு மாற்ற வேண்டும், பல வரி இசையைப் பார்த்தவுடன் வாசிக்க வேண்டும், கொடுத்த கருவை வைத்து அங்கேயே கற்பனையாக வாசிக்க வேண்டும். நியூசிலாந்தின் சிற்றூர் மார்ட்டின்பரோவில் பிறந்த ஜில்லியன் வியர் 1964 இல் புனித ஆல்பன்ஸ் சர்வதேசப் போட்டியில் வென்றார். அதன்பிறகு உலகம் சுற்றிக் கச்சேரி பண்ணுவதையே முழுநேரத் தொழிலாக்கிக்கொண்டார். அப்படி முழுநேரமும் கச்சேரியில் வாழ்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு ஞாயிறு ஆராதனை, கிழமை நாளில் கற்பித்தல், பாடகர் குழு, நடுவிலே கச்சேரி என்று நான்கு காலில்தான் வாழ்க்கை நிற்கும்.

கச்சேரிக்குப் போகிறவருக்கும் நிம்மதி இல்லை. ஒவ்வோர் ஊரிலும் வாத்தியம் வேறு. ஒன்றில் இரண்டு விசைப்பலகை, இன்னொன்றில் ஐந்து. குழல் வகைகளும் அவற்றை இழுக்கும் பிடிகள் இருக்கும் இடமும் மாறும். கல் ஆலயத்தில் ஒலி எதிரொலித்துத் திரும்பி வரப் பல விநாடி ஆகும். ஆகவே முன்கூட்டியே போய், பகலில் ஆட்கள் நடமாடுவதால் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து, எந்தப் பாட்டுக்கு எந்தக் குழல் என்று முடிவு பண்ண வேண்டும். அங்கேயும் காவல்காரர் தயவு தேவை.

ஷ்வைட்சரைச் சொல்லாமல் விட முடியாது. மலைநாட்டில் இருப்பவர்கள் இவரைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். விடோரிடம் ஓர்கன் படித்த ஆல்பர்ட் ஷ்வைட்சர், பாக்கைப் பற்றி 1905 இல் புத்தகம் எழுதிப் புகழடைந்தவர். பிறகு மருத்துவம் படித்து 1913 இல் ஆபிரிக்காவின் லம்பரேனேக்குப் போனார். ஓர்கன் வாழ்க்கை முடிந்தது என்றுதான் நினைத்தார். பாரிஸ் பாக் சங்கத்தார் அவருக்கு ஒரு பியானோ செய்து கொடுத்தார்கள், கால்கட்டை பூட்டி, ஈரமும் கறையானும் அண்டாமல் உள்ளே துத்தநாகத் தகடு அடித்து. ஆற்றில் ஓடம் ஏற்றி அதைக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வேலை முடிந்த இரவுகளில் அந்தக் காட்டுக்குள், அவசரமே இல்லாமல், ஒரு பாட்டுக்கு வாரக்கணக்காக, மாதக்கணக்காக எடுத்துக்கொண்டு பாடம் பண்ணினார். ஐரோப்பாவில் கச்சேரிக்கு ஓடிக்கொண்டிருந்த காலத்தை விட அங்கேதான் தன் வாசிப்பு ஆழமாயிற்று என்று அவரே நினைத்தார். 1917 இல் போர்க்கைதியாகப் பிரான்ஸுக்குக் கொண்டுபோய் முகாமில் அடைத்தார்கள். அங்கே பியானோவும் இல்லை. மேசையை விசைப்பலகையாக வைத்து, தரையைக் கால்கட்டையாக வைத்துச் சாதகம் பண்ணினார். விடுதலையான பிறகு அதே கைகால்களோடு ஐரோப்பா முழுவதும் கச்சேரி பண்ணி ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்தார்.

லயத்துக் காம்பராவில் பியானோ வைக்க இடமில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஆறேழு பேர் படுக்கிற இடம் அது. ஆனால் மேசைப் பாடத்துக்கு இஸ்தோப்பு போதும்.

நமது ஆட்களில் யாராவது இந்த வழியில் போனார்களா என்று கேட்பீர்கள். சென்னை எழும்பூரில் ‘கிர்க்’ என்று சொல்லும் புனித அந்திரேயா ஆலயத்தில் 1883 இல் செய்த குழலோர்கன் இருக்கிறது. அங்கே ஹாண்டல் மனுவேல் நெடுங்காலம் ஓர்கன் வாசித்துப் பாடகர் குழுவையும் நடத்தினார். வானொலியிலும் பணியாற்றினார். ஒரு தமிழர், ஆலயம், வானொலி, பாடகர் குழு என்று மூன்றையும் சேர்த்துக்கொண்டு மேற்கத்திய இசையிலேயே வாழ்ந்து காட்டினார். இலங்கையில் லண்டன் சபைகளின் இசைப் பரீட்சைகள் நீண்ட காலமாக நடக்கின்றன. க.பொ.த. சாதாரண தரத்தில் மேற்கத்திய சங்கீதமும் இருக்கிறது, கர்நாடக சங்கீதமும் இருக்கிறது. பாதை இல்லை என்று சொல்ல முடியாது. பரீட்சைக் கட்டணம் மலைக்கு ஏறும்போது கனத்துவிடுகிறது, அவ்வளவுதான். கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி பல நாள் பெரட்டுக்குப் போய்ச் சேர்க்கிற காசு அது. இதற்கு ஊர் கூடித்தான் வழி பண்ண வேண்டும்.

இனி ஓர் ஆட்சேபம். துரைமாரின் வாத்தியம் நமக்கு எதற்கு, நமக்குத் தப்பு இல்லையா, காமன் கூத்து இல்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1963 இல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு ஒரு பத்தியில் அந்தந்த மக்களின் சொந்த இசைக்கு மரியாதை கொடுக்கச் சொல்கிறது. அடுத்த பத்தியிலேயே குழலோர்கனை உயர்வாக மதிக்கச் சொல்கிறது. 1972 இல் பதுளை மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயராக வந்த லியோ நாணாயக்கார ஏழை உழவரின் பக்கமாகத் திருச்சபையைத் திருப்பப் பாடுபட்டவர். அந்த ஏட்டில் மக்களின் சொந்த இசையைப் பற்றிச் சொல்லும் பத்தி இந்த மலையில் நியாயமாகவே முதலிடம் பெற்றது. எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. தப்பை வெளியே வைத்துவிட்டு ஓர்கனை உள்ளே கொண்டுவந்தால் நான் உங்கள் பக்கம் நின்று சண்டை போடுவேன். ஆனால் தோட்டத்துப் பிள்ளை இதைத்தான் படிக்க வேண்டும், அதைப் படிக்கக் கூடாது என்று நாமே வேலி போட்டால், பழைய துரை போட்ட வேலிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேற்கத்திய செவ்வியல் இசையில் மனோதர்மம் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. ஓர்கனில் அது சாகவில்லை. 2019 இல் தீப்பிடித்த நோத்ரதாம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்தபோது, ஏறத்தாழ 8000 குழல்கள் கொண்ட ஓர்கனைப் பேராயர் எட்டு முறை எழுப்பி அழைத்தார். எட்டு முறையும் கலைஞர்கள் எழுதி வைத்த தாள் இல்லாமல் அந்த இடத்திலேயே கற்பனை செய்து பதில் வாசித்தார்கள். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடியைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமா? பாரிஸ் திரித்துவ ஆலயத்தில் 1931 முதல் சாகும்வரை ஓர்கன் வாசித்த ஒலிவியே மெஸ்ஸியான், சாரங்கதேவர் 13 ஆம் நூற்றாண்டில் ‘சங்கீத ரத்னாகர’த்தில் எழுதி வைத்த 120 தேசி தாளங்களைத் தேடிப் படித்தார். 1935 இல் கிறிஸ்து பிறப்பைப் பற்றி அவர் எழுதிய ஓர்கன் இசையில் அந்தத் தாளங்கள் வருகின்றன. அவர் புத்தகத்தில் தேடி எடுத்ததை நமது பிள்ளை கோயில் முற்றத்தில் கேட்டு வளர்கிறது. தாளமும் கீர்த்தனையும் காதில் இருக்கிற பிள்ளை ஓர்கனில் உட்கார்ந்தால் வெறுங்கையோடு உட்காரவில்லை.

கடைசியாக, செய்யக்கூடியவை. தேயிலைத் தொழிற்சாலைகளில் கைதேர்ந்த தச்சர்களும் பிட்டர்களும் இருக்கிறார்கள். முப்பது மரக்கட்டைகளை ஒரு சட்டத்தில் சுருள்கம்பி வைத்துப் பூட்டுவது அவர்களுக்குப் பெரிய வேலையில்லை. கட்டைகளின் அகலமும் இடைவெளியும் மட்டும் முறையான அளவில் இருக்கட்டும். ஒலியே வராவிட்டாலும் பரவாயில்லை, கால் பழகும். கொஞ்சம் காசு சேர்ந்தால் மின்கம்பி கொடுத்துக் கணினியோடு இணைக்கலாம். உண்மையான ஆலய ஓர்கன்களின் ஒலியைக் குழல் குழலாகப் பதிந்து வைத்த ‘ஹாப்ட்வேர்க்’ போன்ற மென்பொருட்கள் இன்று கிடைக்கின்றன. பழைய காலால் மிதிக்கிற ஓர்கன் எங்காவது ஆலய மூலையில் கிடந்தால் விறகுக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை நமது கொழுந்துக்கு வாசனை ஏற்றுகிற அதே வறண்ட காற்று பழைய மரத்தைப் பிளக்கும், தோலைக் காயவைக்கும். அதன்பின் வருகிற மழை ஊதவைக்கும். அந்த மாதங்களில் மூடி வையுங்கள், சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், எலி உள்ளே போகிற ஓட்டையை அடையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது செலவில்லாதது. ஆலய நிர்வாகக் குழுக்களில் இருப்பவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். உங்கள் ஆலயத்தில் ஆர்மோனியமோ, பியானோவோ, கீபோர்டோ, ஓர்கனோ எது இருந்தாலும் சரி, வாரத்தில் ஒரு பின்னேரம், பாடசாலை விட்ட பிறகு இரண்டு மணித்தியாலம், அதைப் படிக்கிற பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். எந்தச் சபைப் பிள்ளை, எந்தச் சமயத்துப் பிள்ளை என்று கேட்காதீர்கள். பொறுப்பாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் போதும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேருங்கள். சாவியை யார் வைத்திருப்பது, எந்த நாள் என்று அன்றைக்கே தீர்மானம் எழுதிவிடுங்கள்.